ரிப்போர்ட் நார்மல், நெஞ்சு மட்டும் அடைக்கிறது

அன்புள்ள சகோதரிக்கு,

தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. பதிலை நாலு பேர் படிக்கும்படி எழுதச் சம்மதித்ததற்கு நன்றி. உங்கள் வீட்டில் நடப்பது இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் வெளியே தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது.

பல வருஷம் சங்கு குளித்தவர் உங்கள் கணவர். இப்போது துறைமுகத்தில் வேலை. இரண்டு வருஷமாக நெஞ்சு அடைக்கிறது, கை மரத்துப்போகிறது, படபடவென்று வருகிறது, இடது தோளில் தீராத வலி. இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி என்று தூத்துக்குடியில் தொடங்கி பாளையங்கோட்டை, மதுரை வரை போய் வந்துவிட்டீர்கள். கழுத்துச் செயின் அடகில் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "உடம்புல ஒண்ணுமே இல்ல, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் உங்களிடம் கேட்டாராம்: "அப்போ நான் நடிக்கிறேன்னு சொல்றாரா?"

இல்லை. அவர் நடிக்கவில்லை. உலகத்தில் நடிப்பவர்கள் உண்டுதான். நஷ்டஈட்டுக்காகவோ லீவுக்காகவோ நோய் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நோய் என்று பெயரில்லை, ஏமாற்று என்றுதான் பெயர். எந்த ஆதாயமும் இல்லாமல், நோயாளியாக இருப்பதற்காகவே தனக்குத் தானே நோயை உண்டாக்கிக்கொள்கிறவர்களும் மிகச் சிலர் இருக்கிறார்கள். 1951இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'லான்செட்' இதழில் அவர்களைப் பற்றி எழுதி, முன்ச்சௌசன் என்று பெயர் வைத்தார். உங்கள் கணவர் இந்த இரண்டு வகையிலும் இல்லை. சம்பளத்தை இழந்து, செயினை அடகு வைத்து, மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவருக்கு என்ன ஆதாயம்? அவருக்கு நிஜமாகவே வலிக்கிறது. நெஞ்சு அடைக்கிறது. அதை அவரிடம் நேரே சொல்லுங்கள். "உங்களுக்கு வலிக்குதுன்னு நான் நம்புறேன்." மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்குக் குறையாகப் படுவது அந்த டாக்டர் பாதியில் நிறுத்தியதுதான். 'எல்லாம் மனசுதான்' என்பது நோயின் பெயர் அல்ல. அந்த ஒரு வார்த்தைக்குள் ஒன்றுக்கொன்று வேறான பல நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு உதவும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது, சில சமயம் கெடுதலும் செய்யும். எது என்று பிரித்துச் சொல்லாமல் அனுப்பினால் வீட்டுக்கு வருவது அவமானம் ஒன்றுதான்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அவர் கடலுக்குள் இருந்தவர் என்பதை இத்தனை டாக்டர்களில் யாராவது கேட்டார்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு அடியில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், அழுத்தத்தில் ரத்தத்திலும் தசையிலும் கரைந்திருந்த நைட்ரஜன் வாயு குமிழ்குமிழாகப் பிரியும். தோள், முழங்கை, முட்டி மூட்டுகளில் தாங்க முடியாத வலி வரும். மரத்துப்போகும், தலை சுற்றும், முற்றினால் கால் விழுந்துவிடும், உயிரும் போகும். உடனே செய்ய வேண்டியது ஆக்சிஜன் கொடுப்பதும், அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை தருவதும். இது கடலோரம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். தெரியாதது இதன் பின்விளைவு. குளிப்பதை விட்டுப் பல காலம் கழித்து, தோள் எலும்பின் தலைப்பகுதியோ தொடை எலும்பின் தலைப்பகுதியோ ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். உங்கள் கணவருக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை, கடிதத்தை வைத்துக்கொண்டு யாரும் அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் சங்கு குளித்தவரின் தோள் வலியை, அந்தக் கேள்வியைக் கேட்காமலே மனசின் கணக்கில் எழுதுவது சரியல்ல. நெஞ்சு படபடப்புக்கும் தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒருமுறை, ஒழுங்காக. பத்து முறை அல்ல.

இன்னொன்றும் இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2013 மார்ச் 23ஆம் தேதி காலையில் தூத்துக்குடியில் பலருக்குக் கண் எரிந்தது, தொண்டை கமறியது, மூச்சு முட்டியது. கந்தக டை ஆக்சைடு கசிவு என்ற புகாரின் பேரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஸ்டெர்லைட் ஆலையை மூட உத்தரவிட்டது. அடுத்த சில நாட்களிலேயே உச்சநீதிமன்றம், முந்தைய ஆண்டுகளின் மாசுக்காக 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. 2018 மே மாதம் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிர் போன பிறகுதான் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. இப்படி ஓர் ஊரில் தொண்டை கமறுகிறது என்று ஒருவர் சொன்னால், 'பிரமை' என்று சொல்கிறவருக்கு முதலில் காற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அதே ஊரில், காற்று நன்றாக இருக்கும் நாளிலும் தொண்டையைத் தடவித் தடவிக் கட்டி தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். பயப்படக் காரணம் இருந்த ஊர் என்பதற்காக எல்லாப் பயமும் சரியான பயம் ஆகிவிடாது. இரண்டையும் பொறுமையாகப் பிரிக்கத்தான் வேண்டும்.

சரி, உடம்பைப் பார்த்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் நெஞ்சு அடைக்கிறது. எப்படி?

பயம் வந்தால் மூச்சு வேகமாகும். மூச்சை அடிக்கடி இழுத்து விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். குறைந்தால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், தலை லேசாகும், நெஞ்சுத் தசைகள் இறுகி வலிக்கும். மாரடைப்பு வந்தவருக்குக் கை மரத்துப்போகும் என்று கேள்விப்பட்டிருப்பவர், கை மரத்ததும் இன்னும் பயப்படுவார். மூச்சு இன்னும் வேகமாகும். பத்தே நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய்விடும். இ.சி.ஜி. எடுக்கும்போது இதயம் நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் கெட்டுப்போனது இதயம் அல்ல. ஆனால் மரத்தது நிஜம், வலித்தது நிஜம். தண்ணீருக்குள் மூச்சை அடக்கி ஆண்டவருக்கு, கரையில் மூச்சு கைமீறிப் போவது எவ்வளவு பெரிய அவமானமாக இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வலியைக் காட்டிலும் அது அவரை அதிகமாக வதைத்திருக்கலாம்.

இனிமேல்தான் பிரிக்கும் வேலை. அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "உங்களுக்குத் தாங்க முடியாதது வலியா, இல்ல அந்த வலி என்னவா இருக்குமோங்கிற பயமா?"

வலிதான் என்றால், நாள் முழுக்க அதே நினைப்பாக, வலி இருக்கும் இடத்தையே கவனித்துக்கொண்டு, வேலை, சாப்பாடு, பேச்சு எல்லாம் அதைச் சுற்றியே என்றால், மருத்துவர்கள் அதை உடல் அறிகுறிக் கோளாறு என்பார்கள். இதில் முக்கியமான ஒரு மாற்றம் 2013இல் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடு அந்த ஆண்டு மே மாதம் வெளியானது. அதற்கு முன்பு வரை, 'உடம்பில் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை' என்பதுதான் இந்த நோய்க்கு அடையாளம். காரணம் இல்லை, ஆகவே மனசு. அந்த வழியைக் கைவிட்டார்கள். நிஜமான மூட்டுவலி இருப்பவருக்கும் இது இருக்கலாம். பைபாஸ் செய்துகொண்டவருக்கும் இருக்கலாம். வலிக்குக் காரணம் உண்டா இல்லையா என்ற விசாரணை பின்னுக்குப் போய், அந்த வலி ஒருவருடைய நாளில் எவ்வளவைத் தின்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் இப்படியே போகிறதா என்பது முன்னுக்கு வந்தது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். உங்கள் கணவருக்குத் தோள் எலும்பில் கோளாறு இருப்பது தெரியவந்தால்கூட, மனநல மருத்துவரின் உதவி வீண் ஆகிவிடாது. ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்ற கணக்கே தப்பு.

பயம்தான் என்றால் அது வேறு நோய். வலி கொஞ்சம்தான் இருக்கும், சில பேருக்கு வலியே இருக்காது. ஆனால் புற்றுநோய், மாரடைப்பு, எய்ட்ஸ் என்று ஏதோ ஒன்று தனக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் விடாது. நோய்ப் பதற்றக் கோளாறு. பழைய பெயர் ஹைபோகாண்ட்ரியா. சிலர் மாதத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்பார்கள், சிலர் டாக்டர் இருக்கும் தெருவுக்கே போக மாட்டார்கள். இரண்டும் ஒரே பயம்தான். உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி.-11 பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இந்த நோயை, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஆட்டும் ஓ.சி.டி.யின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பதும், நாடியைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்ப்பதும் ஒரே குடும்பம் என்று அர்த்தம். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று நாளெல்லாம் அழுத்திப் பார்த்தால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். அந்த வலி புதிய சாட்சியாக வந்து நிற்கும்.

ரிப்போர்ட் ஏன் உதவுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். 'நார்மல்னு பாத்ததும் முகம் தெளிஞ்சுரும், ரெண்டு நாள்ல திரும்ப ஆரம்பிச்சிரும்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கரையின் பழைய கதை ஒன்று இதைத் தெளிவாகச் சொல்லும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றி எழுதும்போது, சுறாக்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களைப் பற்றியும் சொல்கிறார். கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. பிற்காலத்தில் கடல்கட்டி என்று சொன்னார்களே, அவர்கள்தான். அந்த மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டும்தான் செல்லும், ராத்திரி அதை அவிழ்த்துவிடுவார்கள் என்று எழுதுகிறார். மறுநாள் காலையில் திரும்பக் கட்ட வேண்டும், திரும்பப் பங்கு கொடுக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட் தரும் ஆறுதலும் அப்படித்தான் வேலை செய்கிறது. குளிகாரர்களுக்குச் சுறா நிஜம், அந்த ஆறுதல் இல்லாமல் யாரும் குதித்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் இங்கே ஒவ்வொரு கட்டும் 'நேற்றுக்குத்தானே பார்த்தார்கள், இன்றைக்கு?' என்ற கேள்வியைக் கூடவே கொண்டுவருகிறது. பங்கு கொடுத்தே செயின் போய்விட்டது.

ஆகவே இரண்டு வேலை. ஒரே ஒரு டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பகுதியிலேயே, பொறுமையாகக் கேட்கிறவராக. வலி வரும்போதெல்லாம் ஓடாமல், மாதத்துக்கு ஒருமுறை என்று தேதி வைத்துக்கொண்டு, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் அந்தத் தேதியில் போங்கள். புதிதாக ஏதாவது வந்தால் அவர் தீர்மானிக்கட்டும், எது தேவை என்று. சத்து ஊசி, குளுக்கோஸ் ஏற்றுவது, 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு பெயர் எழுதி மாத்திரை தருவது, இவை எதுவும் வேண்டாம். அதோடு மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்க வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தருகிறது. பயத்தின் நினைப்பை எப்படிச் சோதித்துப் பார்ப்பது, தொட்டுப் பார்ப்பதை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று சொல்லித் தருவார்கள். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். மனச்சோர்வும் நெஞ்சு வலியாக, வயிற்று எரிச்சலாக, உடம்புக் குடைச்சலாக வருவதுண்டு என்பதால் அதையும் அவர் பார்த்துக்கொள்வார். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "ஒண்ணுமில்லங்க, பயப்படாதீங்க" என்று ஒரு நாளில் இருபது தரம் சொல்வதை நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு சின்ன ஸ்கேன் ரிப்போர்ட்தான். "பயமா இருக்கா? வாங்க, கடற்கரைப் பக்கம் நடந்துட்டு வருவோம்" என்று சொல்லிப் பாருங்கள்.

நாத்தனார் மகளைப் பற்றி எழுதியது அடுத்து. கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து கை கால் இழுத்துக்கொண்டு விழுகிறாள், ஒருமுறை வலது கால் இரண்டு நாள் அசையவே இல்லை, எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இல்லை, மாமியார் பேய் என்று சொல்லிப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். இதுவும் நடிப்பு அல்ல, இதுவும் 'மனசு' என்று ஒதுக்கக்கூடியது அல்ல. செயல்சார் நரம்பியல் கோளாறு என்று பெயர். மூளையிலும் நரம்பிலும் முறிவு எதுவும் இல்லை, ஆனால் மூளை காலுக்குக் கட்டளை அனுப்பும் விதம் குழம்பிப் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க, கேட்டாலே ஆச்சரியப்படும்படி ஓர் எளிய சோதனை இருக்கிறது. 1908இல் சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னது. பெண்ணைப் படுக்கவைத்து, அசையாத காலின் குதிகாலுக்கு அடியில் மருத்துவர் கையை வைத்துக்கொண்டு, 'கீழே அழுத்தும்மா' என்பார். அழுத்தம் வராது. பிறகு நல்ல காலை மேலே தூக்கச் சொல்லி, அதைத் தன் மறு கையால் தடுப்பார். அந்தக் காலைத் தூக்க முயலும்போது, அசையாத காலின் குதிகால் தானாகவே அவர் கையை அழுத்தும். நல்ல மருத்துவர்கள் இப்போது இதை நோயாளிக்கே காட்டுகிறார்கள், 'பொய்யைப் பிடித்துவிட்டேன்' என்று சொல்வதற்காக அல்ல. 'பாரும்மா, உன் காலில் பலம் இருக்கு, பாதை மட்டும் அடைபட்டிருக்கு, திறக்கலாம்' என்று சொல்வதற்காக. பிசியோதெரபியும் மனநலச் சிகிச்சையும் சேர்ந்து பலரை நடக்கவைத்திருக்கின்றன.

'டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டால்?' நியாயமான பயம். 2005இல் ஜான் ஸ்டோன் என்ற ஸ்காட்லாந்து நரம்பியல் மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். 1950களில் இப்படி முத்திரை குத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 29 பேருக்குப் பின்னால் வேறு நோய் இருந்தது தெரியவந்திருக்கிறது. 1970களிலிருந்து அது 4 ஆகக் குறைந்துவிட்டது. பூஜ்யம் ஆகவில்லை, அதனால் நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த முறை அந்தப் பெண் விழும்போது பக்கத்தில் ஒருவர் அவளைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் போனில் வீடியோ எடுங்கள். கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதெல்லாம் மருத்துவருக்குப் பெரிய உதவி. காக்காய் வலிப்பா இல்லையா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். நீங்களாக வலிப்பு மாத்திரையை ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

புளியம்பட்டியைப் பற்றி. அந்தோணியார் கோயிலுக்கு வருகிறவர்களின் நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பிரிஜித் செபாஸ்தியா என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் அங்கே இருந்து பார்த்து, 2007இல் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். வீட்டில் யாரும் காதுகொடுக்காத பெண்ணின் துயரத்துக்குப் பேய் என்ற பெயரிலாவது ஓர் இடம் கிடைக்கிறது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஜெபத்துக்குப் போகட்டும், கூடவே மாத்திரையும் டாக்டரும் இருக்கட்டும். அடிக்கவோ, பட்டினி போடவோ, கட்டிவைக்கவோ யாராவது சொன்னால் அந்த நிமிஷமே கிளம்பி வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், இதே கடற்கரையில் வடக்கே ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதை மறக்க நமக்கு உரிமை இல்லை. இன்னும் ஒன்று, அந்தப் பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள், இந்தக் கல்யாணத்தில் உனக்குச் சம்மதமா என்று.

பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தீர்கள், உங்கள் கோபம் எனக்கும் உண்டு. விந்து போனால் உடம்பே போய்விடும் என்று பையன்களைப் பயமுறுத்தி, லாட்ஜ் அறையில் உட்கார்ந்து லேகியம் விற்பது இன்றும் நடக்கிறது. இந்தப் பயம் உடம்புச் சோர்வாக, முதுகுவலியாக, படிப்பில் கவனம் இல்லாமையாக வெளிப்படுவதை 1960இல் என்.என். விக் என்ற இந்திய மனநல மருத்துவர் 'தாது நோய்' என்று அடையாளம் காட்டினார். மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954லேயே வந்துவிட்டது, சுவர்தான் சுத்தமாகவில்லை. உங்கள் மகன் பெரியவனாகும்போது, அது இயல்பானது, உடம்பு கெடாது என்று யாராவது ஒரு பெரியவர் அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது மகள். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், இரண்டே வரியில் எழுதிவிட்டீர்கள். 'மூத்தவ காலேஜ் ரெண்டாம் வருஷம். மூக்கு கோணலா இருக்குன்னு ஆபரேஷன் பண்ணணும்ங்கா, கொரோனா போயும் மாஸ்க்க கழட்ட மாட்டேங்கா, வயசுக் கோளாறுதான்.' கடிதம் முழுவதிலும் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்த இரண்டு வரிதான். கணவரின் நெஞ்சு வலியைவிட.

வயசுக் கோளாறாகவும் இருக்கலாம். அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாத வயசு ஏது? அப்படித்தானா என்று பார்க்க, சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் கண்ணாடி முன்னால்? அல்லது கண்ணாடியையே தவிர்க்கிறாளா? குடும்பப் போட்டோவில் நிற்க மறுக்கிறாளா, போனில் மூக்கை மட்டும் திரும்பத் திரும்பப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறாளா? பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போகிறவள் போன ஆகஸ்டில் போனாளா? காலேஜுக்கு லீவு போடுகிறாளா? "கோணலா இருக்கா, சொல்லும்மா" என்று கேட்டு, இல்லை என்றதும் "நீ பொய் சொல்ற" என்று அழுகிறாளா? இவற்றில் பல இருந்தால் அதற்குப் பெயர் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர். 1891இல் என்ரிக்கோ மோர்செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் முதலில் எழுதினார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, தெரிந்தாலும் பொருட்படுத்த முடியாத ஒரு குறை, அவளுக்கு முகம் முழுவதையும் மறைக்கிறது. பலருக்கு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இந்த நினைப்பிலேயே போகும். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். பெண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பையன்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வரும். ஜிம்மில் நாள் முழுக்கக் கிடந்து, உடம்பு இன்னும் ஒல்லியாகவே இருக்கிறது என்று புலம்பும் பையன்களில் சிலருக்கு இருப்பதும் இதே நோயின் இன்னொரு முகம்.

உங்கள் கணவரின் பயம் உடம்புக்கு உள்ளே, மகளின் பயம் உடம்பின் மேலே. அவர் செத்துப்போவேனோ என்று அஞ்சுகிறார், அவள் அசிங்கமாக இருக்கிறேனோ என்று அஞ்சுகிறாள். வேறு நோய்கள்தான், ஆனால் ஐ.சி.டி.-11 இரண்டையும் ஓ.சி.டி. குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. அவருக்கு நாடி, அவளுக்குக் கண்ணாடி. சாப்பாட்டைக் குறைத்து, எடையைப் பற்றியே பேசி, சாப்பிட்டதை வாந்தி எடுத்தால் மட்டும் அது வேறு வழி. அதையும் கவனியுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். யாராவது அவளைக் கேலி செய்கிறார்களா? கருப்பு என்றோ, கடற்கரைக்காரி என்றோ, மீன் வாடை என்றோ? பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்துகிறாள் என்றால், அது உங்கள் மகளின் நோய் அல்ல, அந்தப் பெண்ணுக்கு வீட்டில் கற்றுக்கொடுத்த இழிவு. அதற்கு மாத்திரை கிடையாது, காலேஜில் போய்க் கேட்க வேண்டும். யாரும் ஒன்றும் சொல்லாதபோதும் தன்மீது வாடை அடிக்கிறது என்று நாலு தரம் குளிப்பது வேறு, அதற்கும் ஐ.சி.டி.-11இல் தனி இடம் உண்டு. 1975இல் தொடங்கிய ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல்தான் ஃபேர் என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்தது. இடையில் வளர்ந்த பெண்களெல்லாம் தங்கள் முகத்தை எதனோடு ஒப்பிட்டு வளர்ந்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் சமூகத்தைக் குற்றம் சொல்லி முடித்துவிட்டு மகளுக்குச் சிகிச்சை தராமல் இருந்துவிடக் கூடாது.

ஆபரேஷன் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த நோய் இருப்பவர்களுக்கு அழகு அறுவை சிகிச்சை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை. மூக்கு சரியாகவில்லை என்று இன்னொரு ஆபரேஷன் கேட்பார்கள், இல்லையென்றால் கவலை தாடைக்கோ தோலுக்கோ போய்விடும். அதே சமயம் "உனக்கு என்னடி குறை, ராஜாத்தி மாதிரி இருக்கே" என்றும் சொல்ல வேண்டாம். அப்பாவுக்கு ரிப்போர்ட் செய்ததைத்தான் அந்த வார்த்தை மகளுக்குச் செய்யும். மூக்கைப் பற்றி விவாதமே வேண்டாம். "இந்த நினைப்பு உன்ன எவ்வளவு வாட்டுதுன்னு பாக்கேன். அதுக்கு உதவி இருக்கு, நான் கூட வாறேன்" என்று சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளும், கண்ணாடியையும் மாஸ்க்கையும் படிப்படியாகக் கைவிடப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சையும் இதற்கு உண்டு. மாத்திரை பலிக்கச் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும், அதற்குள் நிறுத்திவிடக் கூடாது.

இது ஏன் அவசரம் என்றால், இந்த நோயில் சாக வேண்டும் என்ற எண்ணம் அடிக்கடி வருகிறது. அவளிடம் நேராகவே கேளுங்கள். "செத்துரலாம்னு தோணுதா?" கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தனியாக விடாதீர்கள். ராத்திரி எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது மகளைப் பற்றி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், எப்போது தொடங்கியது, என்னென்ன செய்கிறாள், எதையெல்லாம் நிறுத்திவிட்டாள் என்று. மூக்கைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கணவருக்கு இன்னொரு தாள், எத்தனை வருஷம் குளித்தார், எவ்வளவு ஆழம், கம்ப்ரசரோடா இல்லாமலா, மேலே வந்தபின் எப்போதாவது மூட்டு வலியோ மயக்கமோ வந்ததா என்று. அவர் மனநல மருத்துவரைப் பார்க்க மறுத்தால், எலும்பு டாக்டரிடமிருந்து தொடங்குங்கள். அங்கே அவரை யாரும் நடிப்பதாக நினைக்க மாட்டார்கள், அந்த நம்பிக்கை வந்த பிறகு அடுத்த அறைக்கும் வருவார்.

இருவரையும் ஒரே நாளில் கூட்டிப்போக முடியாது என்றால், மகளை முதலில் கூட்டிப்போங்கள். இந்த வாரமே.

அன்புடன்,
உங்கள் சகோதரி